நாற்பது நிமிடச் சாலை

– பயம் பத்துக்கு எவ்வளவு, அண்ணே?

– இப்பத்தானே கேட்டீங்க, சிஸ்டர்.

– அது கால்மணி நேரத்துக்கு முந்தி. மறுபடி கேக்கணும். பெல்கிரேடுலேருந்து ஒரு அம்மா வந்து நீங்க மாட்டியிருக்கிற இந்தப் படம் காட்டுற கண்ணாடியையும் குடுத்து, கூடவே ஒரு கத்தை ஃபாரத்தையும் குடுத்துட்டுப் போயிருக்கு. சொல்லுங்க. பூஜ்யம்னா பயமே இல்ல. பத்துன்னா எந்திரிச்சு ஓடிருவீங்கன்னு அர்த்தம்.

– எங்க ஓட? இடுப்புக்குக் கீழ இருக்கா இல்லையான்னே தெரியல.

– முதுகுல போட்ட ஊசி நல்லா வேலை செய்யுது. நம்பரச் சொல்லுங்க.

– மூணுன்னு எழுதிக்கோங்க.

– மூணா? இந்த மிஷின் பிரஷர் நூத்தி எழுபதுங்குது.

– அப்ப அதையே எழுதிக்கோங்க. என்னைய எதுக்குக் கேட்டுக்கிட்டு?

– தெசாங்கா அக்கா, திரைக்கு அந்தப் பக்கம் என்ன பஞ்சாயத்து?

– ஒண்ணுமில்ல டாக்டர். நீங்க முட்டியப் பாருங்க.

– அதத்தான் பாத்துட்டிருக்கேன். ரத்தம் கசியுது. கொஞ்சம் பிரஷர இறக்கிக் குடுங்க. திரைலோ தலைவரே, கண்ணுல படம் ஓடுதா?

– ஓடுது, டாக்டர்.

– சூப்பர். ரம்பம் போடப் போறேன். அப்புறம் சுத்தியல். பயந்துராதீங்க, வெறும் தச்சு வேலைதான்.

– நான் வியன்னாவுல இருபத்தாறு வருஷம் கட்டட வேலை பாத்தவன் டாக்டர். ரம்பம் என்னைய என்னத்தப் பண்ணும்.

– அப்ப என்னதான் பண்ணுது அண்ணே உங்கள? வாயத் திறந்து சொல்லுங்களேன். உங்க கண்ணாடிக்குள்ள ஓடுறதுதான் என் கையில இருக்கிற சின்னத் திரையிலயும் ஓடுது, சத்தம் மட்டும் உங்க ஒத்தக் காதுல. ஒரு மண் ரோடு. ரோட்டோரம் ஒரு நாய் படுத்திருக்கு. அங்க தூரத்துல ரோடு திரும்புற இடத்துல சோளத்தட்டையப் போரா அடுக்கி வச்சிருக்கு. அரை மணி நேரமா வேற ஒண்ணுமே நடக்கல. காலையில முதல் ஆளுக்குக் கடலும் மீனும் போட்டேன், குறட்டை விட்டுத் தூங்கினாரு. உங்க ரோடு அதையும்விட அமைதியா இருக்கு. பாத்தா எனக்கே கண்ணு சொக்குது.

– உங்களுக்குச் சொக்கும். எத்தன மணிலேருந்து நிக்கறீங்க?

– நேத்துலேருந்து. நாலு பேர் பாத்த வேலை. ரெண்டு பேர் ஜெர்மனி போயாச்சு, ஒருத்தி பிரசவத்துக்குப் போயிட்டா. அத விடுங்க. என்ன படம் இது?

– மிலுட்டின் எடுத்தது.

– யாரு?

– எங்க ஊர் வீடியோக்காரன். ‘உங்களுக்குப் பிடிச்சது ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க, ஆபரேசன் முடியிறவரைக்கும் பாத்துட்டே படுத்திருக்கலாம்’னு சொன்னீங்கள்ல. மகன் கல்யாணத்தக் கொண்டான்னு ஸ்டானாகிட்டச் சொன்னேன். என் பொண்டாட்டிகிட்ட. இழுப்பறையில ஒரு டஜன் பென் டிரைவ் கெடக்கும். எல்லாம் மிலுட்டின் எடுத்தது. எல்லாத்துலயும் ‘திரைலோ வீடு’ன்னு எழுதியிருப்பான். அதுக்கு மேல ஒரு எழுத்து எழுத மாட்டான்.

– அப்ப இது கல்யாணம் இல்லையா? முதல்ல பேண்டு வாத்தியமெல்லாம் வந்துச்சே. உங்க காதத் தாண்டி எனக்கே கேக்குற மாதிரி ஊதினாங்களே.

– ரெண்டுக்கும் அதே பேண்டுதான் சிஸ்டர். ஸ்டானா மாத்திக் கொண்டாந்துட்டா, இது எங்கம்மா சாவு.

– அடக் கடவுளே.

– ஒண்ணும் ஆகல. விடுங்க.

– என்னத்த விட? நான் மீனப் போடுறேன், இருங்க.

– போடாதீங்க.

– அண்ணே, இந்தக் கண்ணாடிய மாட்டினதே உங்க மனசு அமைதியா இருக்கணும்னுதான். உங்களுக்கு மாரடைப்பு வந்து எட்டு மாசம்கூட ஆகல. முழு மயக்கம் உங்க இதயத்துக்கு ஆகாதுன்னுதான் முழிச்சிருக்க வச்சே ஆபரேசன் பண்றோம். இதுக்கு மேல பிரஷர் ஏறினா வேற வழியில்ல, தூங்கத்தான் வைக்கணும். மயக்க டாக்டர் ஒரே ஆளு, ரெண்டு ரூமுக்கும் அவர்தான். இப்ப பக்கத்து ரூம்ல நிக்கறாரு. புரியுதா நான் சொல்றது?

– புரியுது.

– அப்ப மீனு.

– ஒன்பது வருஷமா அந்த இழுப்பறையில கெடக்கு சிஸ்டர். நான் பாத்ததில்ல. ஒரு தடவ போட்டேன். பேண்டு முடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போய் அணைச்சுட்டேன். இங்க எந்திரிக்க முடியாது. ஓடட்டும்.

– என்ன மனுசன்யா நீங்க.

– அக்கா, எவ்வளவு?

– நூத்தி எழுபத்தஞ்சு, டாக்டர். மருந்து குடுத்திருக்கேன். பாக்கலாம்.

– இறங்கட்டும். நான் அளவு எடுத்துட்டிருக்கேன்.

– மூச்ச நிதானமா இழுத்து விடுங்க அண்ணே. எங்க வீட்லயும் மாமியார் போனப்ப வீடியோ எடுத்தோம். மக ஸ்டுட்கார்ட்ல நர்ஸா இருக்கா. அவளுக்கு அனுப்பினேன். பாத்தேம்மான்னா. எவ்வளவு தூரம் பாத்தேன்னு நான் கேக்கல.

– அதுக்குத்தானே எடுக்கறதே. வர முடியாதவனுக்குத்தான்.

– நீங்களும் போகலையா?

– வந்துட்டே இருக்கேன்னு போன்ல சொன்னேன். அதுக்குத்தான் அங்க நிக்கிறாங்க. பெட்டிய முச்சந்தியில நெசவுத் துணி விரிச்சு இறக்கி வச்சிருக்காங்க. கேமராவுக்கு முதுகுப் பக்கம். எங்க பக்கம் வழியில அப்படி இறக்கறது வழக்கம். ரெண்டு வார்த்தை சொல்லி அழுதுட்டுத் தூக்கிருவாங்க. அன்னைக்குத் தூக்கல. நாப்பது நிமிஷம்.

– நாப்பது நிமிஷமா? பாதிரியார் ஒண்ணும் சொல்லலையா?

– கடிகாரத்தப் பாத்துட்டே நின்னாராம். என் தங்கச்சி புளோரிக்கா தூக்க விடலையாம். ஊர்ல இன்னும் பேச்சு அது. மிலுட்டின் கேமராவ ரோட்டப் பாத்து நட்டுட்டான். அவனுக்கு முக்கியமான காட்சியே அதுதானே. வெளிநாட்டுலேருந்து பிள்ளை வந்து இறங்கி, ஓடி வந்து பெட்டி மேல விழணும். அத விட்டுட்டா யாரு அவன அடுத்த சாவுக்குக் கூப்பிடுவா?

– நீங்க வரல.

– ஹங்கேரி எல்லையில பிடிச்சு வச்சுட்டாங்க.

– ம்.

– காகிதத்துல என்னமோ முத்திரை சரியில்லன்னு.

– சரி விடுங்க. அது உங்க தப்பா? அதுக்கா இப்படி ஏறுது?

– நீங்க அந்தத் திரையப் பாத்துட்டுத்தானே இருக்கீங்க?

– பாக்கறேன். நாய் எந்திரிச்சுப் போயிருச்சு. இனி அதுவும் இல்ல.

– அந்தச் சோளத்தட்டைப் போருக்குப் பின்னாடி ஏதாச்சும் தெரியுதா?

– எங்க?

– ரோடு திரும்புற இடத்துல. போரோட இடது பக்கம். எனக்குக் கண்ணு ஈரமா இருக்கு, மங்கலாத் தெரியுது.

– ஒண்ணும் தெரியல. வெள்ளையா என்னமோ இருக்கு. துணி காயுது போல.

– துணிதான?

– எனக்கென்ன தெரியும் அண்ணே, கைக்குட்டை அளவு திரை இது. நூத்தி எண்பது. என்னாச்சு உங்களுக்கு? வலிக்குதா? கால்ல ஏதாச்சும் உணர்ச்சி தெரியுதா?

– இல்ல.

– பயம் எவ்வளவு?

– எட்டு.

– அது உண்மையான நம்பர். இப்பத்தான் முதல் தடவ உண்மையச் சொல்றீங்க.

– சிஸ்டர், அது துணியில்ல.

– என்னது?

– என் காரு.

– உங்க காரா? நீங்க எல்லையிலன்னு…

– விடிய விடிய ஓட்டிட்டு வந்தேன். எல்லையில எவனும் என்னையப் பிடிக்கல. காகிதத்தக்கூடப் பாக்கல, கைய ஆட்டிப் போகச் சொல்லிட்டான். அந்தத் திருப்பத்துக்கு வந்தப்ப எதிர்ல பெட்டிய இறக்கிட்டிருந்தாங்க. போருக்குப் பின்னாடி ஒதுக்கி நிறுத்தினேன். தட்டைச் சந்து வழியா எல்லாம் தெரிஞ்சுது.

– அப்புறம்?

– அம்மா அந்த வருஷம் மூணு தடவ போன் பண்ணிச்சு. ‘ஒரு நாளைக்கு வந்துட்டுப் போ, போதும்’னு. அடுத்த வாரம் வரேன்னேன். அப்புறம் திராட்சை பறிப்புக்கு வரேன்னேன். கான்கிரீட் வேலை முடியட்டும்னேன். பெட்டி திறந்திருந்துச்சு சிஸ்டர். தலையில நான் வியன்னாவுல வாங்கிக் குடுத்த பூப்போட்ட முக்காடு. உசுரோட இருந்தவரைக்கும் அத ஒரு நாள் கட்டினதில்ல. அழுக்காயிரும்னு வச்சிருந்துச்சு. கார்க் கதவத் திறந்தேன். கால் வரல. எந்த ஊசியும் போடல, இப்ப இருக்கிற மாதிரியே மரத்துப் போச்சு.

– அங்கேயே உக்காந்திருந்தீங்களா?

– அவங்க நின்னவரைக்கும் நானும் உக்காந்திருந்தேன். எவ்வளவு கிட்டன்னா, பேண்டுக்காரன் இருமுறதுகூடக் கண்ணுக்குத் தெரியுது. பெட்டியத் தூக்கினாங்க. நான் வண்டியத் திருப்பிட்டேன். சாயங்காலம் ஒரு பெட்ரோல் பங்குலேருந்து போன் பண்ணி, எல்லையில பிடிச்சுட்டாங்கன்னு சொன்னேன்.

– வீட்டம்மாவுக்கு?

– ஸ்டானாவுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒன்பது வருஷமா அந்த எல்லைக் கதையத்தான் சொல்லிட்டிருக்கேன். சொல்லிச் சொல்லி அந்த அதிகாரிக்கு மீசையெல்லாம் வச்சுட்டேன்.

– இப்ப எனக்குத் தெரியும். டாக்டருக்கும் கேட்டிருக்கும்.

– எனக்கு ஒண்ணும் கேக்கல அக்கா, நான் ரம்பம் போட்டுட்டிருந்தேன்.

– ரம்பம் நின்னு ரொம்ப நேரமாச்சு டாக்டர்.

– அப்ப சுத்தியல்னு வச்சுக்கோங்க. தலைவரே, இப்ப நாலு அடி விழும். பல்லக் கடிச்சுக்காதீங்க.

– அடிங்க டாக்டர்.

– அண்ணே, அடிக்கிறப்ப உடம்பு ஆடும். பயப்படாதீங்க. என் கையப் பிடிச்சுக்கோங்க. இவ்வளவு இறுக்கமா வேண்டாம்.

– சிஸ்டர், மிலுட்டினுக்கு ஒரு கெட்ட பழக்கம். சும்மா நிக்கச் சொன்னா கை நிக்காது. தூரத்துல என்ன தெரியுதோ அத இழுத்துக் கிட்டக் கொண்டாந்துருவான். கல்யாணத்துல ஒருத்தன் பல்லுல மாட்டின கீரையக்கூட விட மாட்டான். இந்த நாப்பது நிமிஷத்துல அந்தப் போர இழுத்திருந்தான்னா முடிஞ்சுது. இந்த வீடியோ வியன்னாவுக்குப் போச்சு, சூரிச்சுக்குப் போச்சு. சொந்தக்காரன் வீடு பூரா இருக்கு.

– ஒன்பது வருஷத்துல யாராச்சும் உங்ககிட்ட அந்தக் காரப் பத்திக் கேட்டாங்களா?

– இல்ல.

– அப்ப இழுக்கலைன்னுதானே அர்த்தம். யாராச்சும் ஒருத்தன் கேக்காம இருப்பானா?

– புளோரிக்கா ஒண்ணுமே கேக்கல. அதுதான் சிஸ்டர். என்கூட வேலை பாத்தவன் எல்லாம் எந்த எல்லை, எந்த அதிகாரி, ஏன் வேற வழியா வரலன்னு கேட்டான். அவ ஒரு வார்த்தை கேக்கல. போன வருஷம் வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்துட்டேன். மூணு வீடு தள்ளித்தான் இருக்கா. பாத்தா ‘நல்லாயிருக்கியா அண்ணா’ம்பா. நல்லாயிருக்கேன்பேன். அவ்வளவுதான். காப்பி குடிக்க வானு அவளும் கூப்பிடல, நானும் கூப்பிடல.

– கோவமா இருக்கும்.

– ஒப்பாரியில எனக்குச் சாபம் விட்டிருப்பா. எனக்குத் தெரியும். அதான் இதப் போட்டுப் பாக்கல. கார்ல கண்ணாடிய ஏத்தியிருந்தேன். பேண்டு கேட்டுச்சு, அவ என்ன சொன்னான்னு கேக்கல. எங்க பக்கம் பெட்டி மேல சொல்ற வார்த்தைய செத்தவங்க கூடவே எடுத்துட்டுப் போயிருவாங்க. அதுக்கப்புறம் மாத்த முடியாது. என்னையப் பத்தி எங்கம்மா எந்த வார்த்தைய எடுத்துட்டுப் போச்சுன்னு எனக்குத் தெரியாது சிஸ்டர். எட்டு மாசத்துக்கு முந்தி நெஞ்சு வலிச்சு விழுந்தப்ப வேற எந்த நினைப்பும் வரல. இது ஒண்ணுதான் வந்துச்சு. போயி நின்னா அம்மா என்ன கேக்கும்?

– போக மாட்டீங்க. வெறும் முட்டி இது.

– தெரியும். இருந்தாலும்.

– எண்பத்தஞ்சு ஆச்சு. நூத்தி எண்பத்தஞ்சு. அண்ணே, நான் அணைக்கப் போறேன். நீங்க திட்டினாலும் சரி.

– இன்னும் எத்தன நிமிஷம் ஓடும்?

– இந்த ரோடா? கீழ கோடு காட்டுது. கொஞ்சந்தான் இருக்கு.

– அது முடிஞ்சாத்தான் அவ பேசுவா. அது வரைக்கும் விடுங்க. என் மணிக்கட்டக் கட்டி வச்சிருக்கீங்க. கட்டாம இருந்தா உங்க காலப் பிடிச்சிருப்பேன்.

– அக்கா, இது சரியில்ல. மயக்க டாக்டரக் கூப்பிடட்டுமா?

– அவர் பக்கத்து டேபிள விட்டுட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகும் டாக்டர். சொல்லி வைங்க. அது வரைக்கும் நான் பாத்துக்கறேன்.

– உங்க பொறுப்பு.

– எப்பவும் என் பொறுப்புதான். அண்ணே, அஞ்சு நிமிஷம். கேட்டுச்சா? மூச்சு. உள்ள. வெளிய. திரையப் பாக்காம என் குரல மட்டும் கேளுங்க.

– இழுக்குறான்.

– என்னது?

– மிலுட்டின். போர இழுக்குறான் சிஸ்டர். கிட்ட வருது. பாருங்க, நீங்களே பாருங்க.

– ஆமா. வெள்ளைக் காரு. நம்பர் பிளேட்டு…

– வியன்னா நம்பரு.

– உள்ள யாரோ உக்காந்திருக்கற மாதிரி… போயிருச்சு. ஒரு கை வந்து மறைக்குது. கறுப்புச் சட்டைக் கை. யாரோ கேமராவப் பிடிச்சுத் தள்ளுறாங்க. தரை தெரியுது. யாரோ செருப்பு. இப்ப பெட்டி.

– மோதிர விரல்ல தழும்பு இருந்துச்சா?

– கவனிக்கல.

– புளோரிக்காதான். பாத்துட்டா. அன்னைக்கே பாத்துட்டா. மிலுட்டினும் பாத்திருக்கான். ஊரே பாத்திருக்கு. சிஸ்டர், சத்தத்த எடுத்துருங்க. என்னால கேக்க முடியாது.

– இவ்வளவு நேரம் அதுக்காகத்தானே…

– காதுலேருந்து பிடுங்குங்க! ஆரம்பிக்கப் போறா!

– சரி, சரி. எடுத்துட்டேன். கண்ண மூடிக்கோங்க. இத்தோட விட்டுருவோம்.

– அணைச்சுட்டீங்களா?

– இன்னும் இல்ல.

– அப்ப நீங்க கேளுங்க. உங்க காதுல மாட்டிக்கோங்க. கேட்டு, திட்டுறாளா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. ஆனா அவ எங்க விலாக் பாஷையிலதான் ஒப்பாரி வைப்பா. உங்களுக்குப் புரியாது.

– என் மாமியார் பாஷை அது. முப்பது வருஷம் அதுலதான் எனக்கு வசவு விழுந்துச்சு. வசவுன்னா ஒரு எழுத்து விடாமப் புரியும். அசையாம இருங்க.

– என்ன சொல்றா?

– இன்னும் ஆரம்பிக்கல. அழுகைதான். பெட்டி மேல குனியறா. முக்காட்டச் சரி பண்றா.

– பூப்போட்டதா?

– பூப்போட்டதுதான்.

– என் பேரச் சொல்றாளா?

– அண்ணே, பேசாம இருந்தாத்தானே எனக்குக் கேக்கும்.

– சரி, கேளுங்க.

– சொன்னா. உங்க பேருதான்.

– திட்டுறா.

– இருங்க.

– அக்கா, மயக்க டாக்டர் வந்துட்டிருக்காரு. பிரஷர் எவ்வளவு? தூங்க வச்சுரலாமா?

– ஒரு நிமிஷம் டாக்டர்.

– சிஸ்டர், ஏன் அழறீங்க? அவ்வளவு மோசமாவா சொல்றா? சொல்லிருங்க. நான் தாங்கிக்குவேன். அம்மாகிட்ட என்னன்னு சொல்லி அனுப்புறா?

– ‘அம்மா, திரைலோ வந்துட்டான். அங்க போருக்குப் பின்னாடி உக்காந்திருக்கான். உன்னையப் போதுமட்டும் பாக்கட்டும்னுதான் இவ்வளவு நேரம் பெட்டியத் தூக்க விடல. அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு ஊர்கிட்டச் சொல்லிட்டேன். நீயும் பாக்காத, அவன் வெக்கப்படுவான்.’